எங்கள் வீட்டுக்கு அறுபது வயது குறைந்த கதை

அம்பாசமுத்திரம் பக்கத்தில் எந்தப் பழைய வீட்டைப் பற்றிக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "நூத்தம்பது வருஷத்து வீடு." யார் எண்ணிப் பார்த்தது என்று கேட்கக் கூடாது. எங்கள் வீட்டுக்கும் அதே கணக்குத்தான். தாது வருஷத்தில் கட்டியது, பூட்டன் கொழும்பில் கடை வைத்துச் சம்பாதித்த பணத்தில் எழுப்பியது, அவருக்குப் பிறகு தாத்தாவும் அண்ணன் தம்பிகளும் மூன்றாகப் பிரித்துக்கொண்டது. கல்யாண வீடு, துஷ்டி வீடு என்று எங்கே கூடினாலும் யாராவது இந்த மூன்று வரியைச் சொல்லிவிடுவார்கள். தேடிப் பார்த்ததில் முதல் வரி அறுபது வருஷம் தப்பு, இரண்டாவது பாதி தப்பு, மூன்றாவது சட்டப்படி நிற்குமா என்பதே கேள்வியாகிவிட்டது.

தேட வேண்டி வந்ததற்குக் காரணம் பாசம் எல்லாம் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் கொட்டிய மழை எல்லாருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செண்டிமீட்டர். எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு மண் சுவர் ஊறிச் சரிந்தது. 1992 நவம்பர் வெள்ளத்தில் தாக்குப்பிடித்த சுவர் அது. சரிந்ததும் பெரியப்பா மகன், அதாவது எனக்கு அண்ணன் முறை, இடித்துவிட்டு மனையாக விற்றுவிடலாம் என்றார். வாங்க வந்தவருடைய வக்கீல் தாய்ப்பத்திரம் எங்கே என்று கேட்டார். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வீட்டில் இருந்தது ஒரு நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) பட்டாவும், கொஞ்சம் வீட்டு வரி ரசீதும், தகரப் பெட்டியில் நனைந்து ஒட்டிப்போன ஒரு காகிதக் கட்டும்தான்.

முதலில் தாது வருஷம். எங்கள் பக்கம் அந்தப் பெயரைக் கேட்டாலே பஞ்சம்தான் ஞாபகம் வரும். 1876இல் தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பஞ்சத்துக்குத் தாது வருஷப் பஞ்சம் என்றே பெயர். அதனால் தாது என்று யாராவது சொன்னால் நாமே 1876 என்று போட்டுக்கொள்கிறோம். ஆனால் தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருமுறை சுற்றி வருவது. 1876க்கு அடுத்த தாது 1936, அதற்கடுத்தது 1996. ஊரே கஞ்சித் தொட்டி முன்னால் நின்ற காலத்தில் ஒரு மனுஷன் தேக்கு உத்திரம் போட்டு மச்சு வீடு கட்டினான் என்றால் அவன் ஜமீன்தாராக இருக்க வேண்டும், இல்லை தானிய வியாபாரியாக இருக்க வேண்டும். எங்கள் பூட்டன் இரண்டுமே இல்லை. இந்தக் கேள்வியை வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

தலைவாசல் நிலையின் மேல்கட்டையில் ஒரு வரி செதுக்கியிருப்பது எல்லாருக்கும் தெரியும். பொங்கலுக்குப் பொங்கல் எனாமல் பெயிண்ட் அடித்து அடித்து எழுத்து மூழ்கிப் போயிருந்தது. "தாது" மட்டும் தெரியும், மற்றது மேடு பள்ளமாக இருக்கும். இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன்: பழைய மரத்தில் இருக்கும் பெயிண்டைத் தகடு வைத்துச் சுரண்டாதீர்கள், செதுக்கலும் சேர்ந்து போய்விடும். ராத்திரி விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, மொபைல் டார்ச்சை மரத்தோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேரே அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்வாக அடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். அப்படிப் பிடித்து எடுத்த படத்தில் ஆவணி மாதம் என்பதும், அதற்கு முன்னால் ௲௱௰௨ என்று நான்கு குறியும் தெரிந்தது.

அது கொல்லம் ஆண்டு, மலையாளக் கரையில் வழங்கும் ஆண்டுக் கணக்கு. நாகர்கோவில், திருநெல்வேலிக்காரர்களுக்கு இது புதிதில்லை. எங்கள் பக்கத்துப் பழைய பத்திரங்களிலும் ஜாதகங்களிலும் தமிழ் வருஷத்தோடு கொல்லம் ஆண்டும் போடுவார்கள். கணக்கு எளிது. ஆவணியில் ஆண்டு பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் வரையான தேதி என்றால் 824ஐக் கூட்ட வேண்டும், ஜனவரிக்குப் பிறகு என்றால் 825. ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து, ௨ இரண்டு; ஆக ௲௱௰௨ என்பது 1112. ஆவணி என்பதால் 824ஐக் கூட்டினால் 1936 ஆகஸ்ட். பஞ்சத்துத் தாதுவாக இருந்திருந்தால் 1052, அதாவது ௲௫௰௨ என்று இருந்திருக்கும். முதல் குறியும் கடைசி இரண்டு குறியும் ஒன்றேதான். ஐந்துக்கும் நூறுக்கும் உள்ள வித்தியாசத்தில் அறுபது வருஷம் ஒளிந்திருக்கிறது. தமிழ் வருஷம் மட்டும் இருக்கும் கல்வெட்டையோ ஜாதகத்தையோ வைத்து வயது சொல்லாதீர்கள். ஏறிக்கொண்டே போகும் எண் ஒன்று கூட இருக்கிறதா என்று பாருங்கள்.

அண்ணன் சும்மா விடவில்லை. "அப்போ ஓட்டுல 1865னு போட்டிருக்கே, அது என்ன?" என்றார். நியாயமான கேள்வி. முன்கட்டு மச்சில் இருக்கும் மங்களூர் ஓட்டைத் திருப்பினால் அடியில் ஆங்கிலத்தில் கம்பெனி பெயரும் 1865 என்ற எண்ணும் பதிந்திருக்கும். அது ஓடு சுட்ட வருஷம் இல்லை. பேசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம். கடைப் பலகையில் தொடங்கிய வருஷத்தைப் போட்டுக்கொள்கிறார்களே, அதே பழக்கம்தான். அவர்கள் ஓட்டில் பல காலம் அந்த எண் வந்துகொண்டிருந்தது. ஓட்டை வைத்து வயது கண்டுபிடிக்க வேண்டுமானால் எண்ணைப் பார்க்காமல் கம்பெனி பெயரைப் பாருங்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் பேசல் மிஷனின் தொழில்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, 1919இல் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற கம்பெனியிடம் கொடுத்தது. எங்கள் மச்சில் சில ஓட்டில் பேசல் மிஷன், பல ஓட்டில் காமன்வெல்த். அப்படியானால் அந்தக் கூரை 1919க்கு முன்னால் வேய்ந்ததாக இருக்க முடியாது. ஒரு கூரையில் இருக்கும் ஓடுகளில் ஆகப் புதியது எது என்றுதான் தேட வேண்டும். பழைய ஓட்டை வேறு எங்கிருந்தும் கொண்டு வந்து போட்டிருக்கலாம், இன்னும் சுடாத ஓட்டைப் போட முடியாது.

இரும்புக்கும் இதே கணக்கு. தார்சாவில், அதாவது திண்ணையை அடுத்த முன்கூடத்தில், ஒரு இரும்பு உத்திரம் கிடக்கிறது. அதன் வயிற்றில் டாட்டா என்று ஆங்கிலத்தில் வார்த்திருக்கிறது. டாட்டா ஆலையிலிருந்து உருக்கு வெளிவரத் தொடங்கியதே 1912இல்தான். பல ஊர்களில் பழைய தண்டவாளத்தையே உத்திரமாகப் போட்டிருப்பார்கள். அதில் ஆலைப் பெயரோடு வருஷமும் இருக்கும். ஆனால் ரயில் ஓடித் தேய்ந்து ஏலத்துக்கு வந்த பிறகுதானே வீட்டுக்கு வந்திருக்கும், அதனால் அந்த வருஷத்தையும் வீட்டின் வயதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1904இல் செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு ரயில் வந்த பிறகு மலையாளக் கரைத் தேக்கும் ஓடும் எங்கள் பக்கம் இறங்குவது சுலபமாயிற்று. அதற்கு முன்னால் கட்டிய சாதாரண வீடுகள் பெரும்பாலும் பனங்கையும் (பனைமரச் சட்டம்) நாட்டு ஓடும்தான்.

இப்படிப் பார்த்துக்கொண்டு போனபோதுதான் ஒரு விஷயம் உறுத்தியது. முன்கட்டில் திண்ணை, தார்சா, மச்சு எல்லாம் செங்கல்லும் காரையும், தேக்கும் மங்களூர் ஓடும். பின்கட்டில் அரங்கு (உள்ளறை), அடுக்களை, அங்கணம் (பாத்திரம் கழுவும் இடம்) எல்லாம் ஒன்றரை முழத்துக்கு மேல் கனமான மண் சுவர், பனங்கை, நாட்டு ஓடு. பட்டாசல், அதாவது நடுக்கூடம், நடுவில் ஒரு சாண் தரை இறங்குகிறது. அந்த இடத்தில் சுவரிலும் மேலிருந்து கீழே நேராக ஒரு விரிசல். எத்தனை தடவை பூசினாலும் திரும்பத் திரும்ப வரும். கொத்தனார்கள் அஸ்திவாரம் இறங்கிவிட்டது என்று பயமுறுத்திக்கொண்டே இருந்தார்கள். அது விரிசலே இல்லை, ஒட்டு. இரண்டு வேறு காலத்துச் சுவர்கள் அந்த இடத்தில் சேர்கின்றன. பழைய வீட்டில் நேர்க்கோட்டில் விரிசல், தரை மட்டம் மாறுவது, ஒரே சுவரில் இரண்டு அளவுச் செங்கல், ஒரு அறைக்குள் வந்து நிற்கும் வாசல்படி, இதெல்லாம் கண்ணில் பட்டால் உடனே பூசி மறைக்காமல் படம் எடுத்து வையுங்கள். வீட்டின் சரித்திரம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மின்சார வேலைக்காரர் கழற்றி எறியும் மரப்பட்டி வயரிங்கையும் விடாதீர்கள். பாபநாசம் மின் நிலையம் 1944இல் வந்தது; எங்கள் வீட்டு வயரிங் அதற்குப் பிந்தியது. அடுக்களையின் சிமெண்ட் தரை அதற்கும் பிந்தியது, தாழையூத்தில் 1949இல் சிமெண்ட் ஆலை வந்த பிறகு போட்டது.

சரி, பின்கட்டு யார் கட்டியது? அதற்குக் காகிதம்தான் வேண்டும்.

நனைந்த கட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறைய பேர் இங்கேதான் கெடுத்துக்கொள்கிறார்கள். வெயிலில் போடக் கூடாது. காகிதம் சுருண்டு நொறுங்கும். ஈரமாக இருக்கும்போதே பிரிக்கவும் கூடாது. சுத்தமான வெள்ளைத் துணியை அல்லது மை ஒற்றும் தாளை மேலும் கீழும் வைத்து, காற்றாடிக்கு அடியில் நிழலில் காயவிட்டு, துணியை அவ்வப்போது மாற்ற வேண்டும். பாதி காய்ந்த பிறகு தாளுக்குத் தாள் தானாக விட்டுக்கொடுக்கும். அப்புறம் பூச்சிக்கு வசம்பு. லாமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். ஒருமுறை போட்டால் திரும்ப எடுக்க முடியாது, பின்பக்கத்து முத்திரையையும் அழுத்தத்தையும் பார்க்க முடியாது, உள்ளே ஈரம் இருந்தால் அது உள்ளேயே இருந்து அரிக்கும். எங்கள் கட்டில் பாதி கடிதங்கள், கொழும்பிலிருந்து வந்தவை. ஒரு மொய் நோட்டு. ஒரு ஜாதக நோட்டு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு முத்திரைத்தாள், ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்டது.

தலையைப் பார்த்தே காலத்தைக் குறுக்கலாம். விக்டோரியா என்றால் 1901க்கு முந்தைய தாள், ஏழாம் எட்வர்ட் என்றால் 1901 முதல் 1910, ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1910 முதல் 1936 ஜனவரி வரை, ஆறாம் ஜார்ஜ் அதற்குப் பிறகு. பழைய சரக்கு தீரும்வரை விற்பார்கள் என்பதால் ஒன்றிரண்டு வருஷம் முன்பின் இருக்கும். எழுத்து பயமுறுத்தும், உண்மைதான். நிறுத்தக்குறி கிடையாது, மெய்யெழுத்தில் பல இடத்தில் புள்ளி இல்லை, ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசம் காட்டமாட்டார்கள். வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, ரூபாய்க்கு ௹, மேற்படிக்கு ௸ என்று குறிகள். இந்த நான்கையும் பழகிக்கொண்டு, வாய்விட்டு வாசித்தால் பாதிக்கு மேல் புரிந்துவிடும். மௌனமாகப் படித்தால் பிடிபடாது.

அடுத்தது நான்கெல்லை. இதில் தடுமாறாதவர்களே இல்லை. "இன்னார் வீட்டுக்கு வடக்கு" என்று எழுதியிருந்தால் இன்னார் வீடு வடக்கே இருக்கிறது என்று அர்த்தமில்லை. நம்முடைய சொத்து அந்த வீட்டுக்கு வடக்கே இருக்கிறது, ஆக அவர் நமக்குத் தெற்கு எல்லை. இதை மாற்றிப் படித்துவிட்டு தெருவின் எதிர்வரிசையில் வீட்டைத் தேடியவர்களை எனக்குத் தெரியும். எல்லைக்காரர்கள் பெயரையும் குறித்து வையுங்கள். நம் பத்திரம் கிடைக்காவிட்டாலும் பக்கத்து வீட்டுப் பத்திரத்தில் நம் பூட்டனோ பூட்டியோ எல்லையாக நிற்பார்கள்.

முத்திரைத்தாளின் பின்பக்கத்தில் முத்திரை விற்றவர் எழுதிய ஒரு வரி இருக்கும், யார் வாங்கினார்கள், என்றைக்கு என்று. பதிவு செய்த பத்திரமானால் பதிவு எண், வருஷம், எந்தப் புத்தகம், எந்தத் தொகுதி, எந்தப் பக்கம் என்ற குறிப்பும் இருக்கும். அந்தக் குறிப்பு கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த எண்ணைக் கொடுத்துச் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடலாம். எங்கள் தாளில் கடைசிப் பக்கம் கரைந்து போயிருந்தாலும் எண்ணும் வருஷமும் தப்பிவிட்டன. இணையத்தில் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975 வரைதான் போகும். அதற்கு முந்தியதைக் கையால்தான் தேட வேண்டும். பதிவு எண் தெரியாவிட்டால் பெயர் அட்டவணையில் தேடச் சொல்லுங்கள். சர்வே எண்ணை வைத்துக்கொண்டு கிராம வீட்டைத் தேடினால் நாள்தான் போகும், ஏனென்றால் பழைய பத்திரங்களில் நத்தத்துக்குள் வீட்டுக்கு வீடு எண் கிடையாது. அந்த வேலையே நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர் திட்டம் முடிந்த 1987க்குப் பிறகு நத்தம் நிலவரித் திட்டத்தில்தான் முறையாக நடந்தது. இன்னொன்று: அலுவலக எல்லைகள் மாறியிருக்கும். அந்தக் காலத்தில் உங்கள் ஊர் எந்தச் சார்பதிவகத்தின் கீழ் இருந்தது என்று முதலில் கேளுங்கள். நான் மனுப் போட்ட ஓர் அலுவலகத்தில் அப்படி ஒரு தொகுதியே இல்லை என்றார்கள். தொகுதி பத்திரமாக வேறு அலுவலகத்துப் பெட்டகத்தில் இருந்தது. இல்லை என்று சொல்வதை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் இன்னொரு தடவை தேடுவார்கள்.

நகல் வந்தது. விபவ வருஷம் தை மாதம், கொல்லம் 1104, அதாவது 1929 தொடக்கம். ஓட்டு வீடு, அங்கணம், கிணறு, முன்னால் காலி மனை என்று சொத்து விவரம். விற்றவர்கள் வேறு குடும்பம். பின்கட்டு அவர்கள் கட்டியது. கடன் அடைக்க விற்கிறார்கள். ஆக நூற்றாண்டுப் பெருமையோடு நாங்கள் காட்டிக்கொண்டிருந்த அந்த அரங்கும் அடுக்களையும் எங்கள் குடும்பம் கட்டியதே இல்லை. முன்னால் இருந்த காலி மனையில் 1936இல் எழுந்ததுதான் பூட்டனுடைய முன்கட்டு. இதுவரை யாருக்கும் பெரிய வருத்தமில்லை.

வாங்கியவர் பெயரைப் படித்தபோதுதான் வீடு அமைதியானது. பூட்டன் பெயர் இல்லை. பூட்டி பெயர். அவளுக்குத் தாய் வீட்டில் போட்ட நகைகளை விற்ற பணத்தில் கிரயம் கொடுத்ததாகப் பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. முத்திரைத்தாள் வாங்கியதும் அவள் பெயரில். கையெழுத்துத் தெரியாது, இடது பெருவிரல் ரேகை. அப்போது பூட்டன் கொழும்பில். வாரத்துக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறார். அந்தக் கடிதங்களில் வீடு வாங்கியது பற்றி அவளைத்தான் விசாரிக்கிறார், ஓடு ஒழுகுகிறதா, கிணற்றில் தண்ணீர் நிற்கிறதா என்று. நாங்கள் மூன்று தலைமுறையாக "பூட்டன் வீடு" என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

இதற்குச் சாட்சி சொல்ல ஒரே ஒரு ஆள் இருந்தார். பூட்டியின் கடைசி மகள், அப்பாவுக்கு அத்தை, எனக்கு அத்தை ஆச்சி. 1934இல் பிறந்தவர், தென்காசியில் மகன் வீட்டில் இருக்கிறார். பெரியவர்களிடம் "வீடு எப்போ கட்டினது?" என்று கேட்டால் உடனே நூற்றைம்பது வருஷம் வந்துவிடும். அதை விட்டுவிட்டு அவர்கள் உடம்போடு ஒட்டிய கேள்விகளைக் கேட்க வேண்டும். எந்த அறையில் பிறந்தீர்கள்? கரண்டு வந்தபோது நீங்கள் சமைந்திருந்தீர்களா? அப்பா கொழும்பிலிருந்து வந்தபோது எங்கே படுத்திருந்தார்? 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட பிறகு இந்தியர்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பினார்கள். பூட்டனும் அப்படித்தான் வந்திருக்கிறார். அத்தை ஆச்சிக்கு எட்டு வயது. "மச்சுல படுக்கமாட்டேன்னுட்டாங்க. ஏரோப்ளேன் சத்தம் கேட்டா கீழ ஓடி வர முடியாதுன்னு தார்சாலயே கட்டில் போட்டுக்கிட்டாங்க" என்றார். மச்சு அப்போதே இருந்தது என்பது அதில் தானாக வந்துவிட்டது. ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் பேசவிடாதீர்கள், சோர்ந்துவிடுவார்கள். பதிவு செய்துகொள்ள முதலில் அனுமதி கேளுங்கள். பெட்டியில் இருக்கும் பொருள் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால் கேள்வியே வேண்டாம். மொய் நோட்டை வாசித்துக் காட்டியபோது ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை வந்தது, பாதி வெளியே சொல்ல முடியாதது.

பத்திரத்தில் அம்மா பெயர் இருப்பதைச் சொன்னேன். ஆச்சரியப்படவே இல்லை. "ஏட்டி, இது எங்களுக்குத் தெரியாதா? அம்மை இடுப்பு ஒட்டியாணம்லா இந்த வீடு. அண்ணன்மாரு பிரிக்கும்போது எங்க ரெண்டு பேரையும் ஒரு வார்த்தை கேக்கலை."

இங்கே சட்டம் வருகிறது. பூட்டன் முதலில் போய்விட்டார், பூட்டி 1961இல் போனார். 1956 ஜூன் 17 முதல் இந்து வாரிசுரிமைச் சட்டம் அமலில் இருக்கிறது. ஒரு பெண்ணின் சொந்தச் சொத்து, அவள் உயில் எழுதாமல் இறந்தால், மகன்களுக்கும் மகள்களுக்கும் கணவனுக்கும் சமமாகப் போகும். பலரும் பெண்களுக்குப் பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989 திருத்தத்தால் வந்தது, அல்லது 2005 மத்தியத் திருத்தத்தால் வந்தது என்று நினைக்கிறார்கள். அது ஆண் வழி வரும் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்துக்கான பேச்சு. அம்மாவின் சொந்தச் சொத்தில் மகளுக்கு 1956இலிருந்தே சம பங்கு. பூட்டிக்கு மூன்று மகன், இரண்டு மகள். ஐந்து பங்கு. ஆனால் 1963இல் தாத்தாமார் மூவரும் ஒரு கூர்ச்சீட்டு எழுதி மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். பதிவு செய்யவில்லை, தங்கைகளிடம் கையெழுத்தும் வாங்கவில்லை. கூர்ச்சீட்டு வில்லங்கத்தில் வராது. உயிலும் வில்லங்கத்தில் வராது, அதற்குப் பதிவு அலுவலகத்தில் வேறு புத்தகம்; உயில் ஏதும் இருக்கிறதா என்று தனியாகக் கேட்டுத் தேட வேண்டும், நாங்கள் தேடினோம், இல்லை. "வில்லங்கம் சுத்தமா இருக்கு" என்று யாராவது சொன்னால் அதற்கு அர்த்தம் பதிவான கிரயமோ அடமானமோ கண்ணில் படவில்லை என்பது மட்டும்தான்.

பெரியப்பா பெயரில் நத்தம் பட்டா இருக்கிறதே என்று அண்ணன் பக்கம் ஒரு வாதம். அளக்க வந்தபோது வீட்டில் குடியிருந்தவர் பெரியப்பா, அதனால் அவர் பெயர் ஏறியது. பட்டா வருவாய்த் துறைக் கணக்கு, உரிமையை உண்டாக்குவதில்லை. அறுபது வருஷமாக அனுபவித்துவிட்டோமே என்று இன்னொரு வாதம். கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் அனுபவிப்பதாலேயே மற்றவர் பங்கு போய்விடாது, அவர்களை வெளியேற்றி அவர்கள் உரிமையை வெளிப்படையாக மறுத்திருக்க வேண்டும் என்று வக்கீல் விளக்கினார். பணம் உண்மையில் பூட்டனுடையது, பெயர்தான் பூட்டியுடையது என்று யாரோ ஆரம்பித்தார்கள். நகை விற்ற வரி பத்திரத்திலேயே இருந்ததால் அது நிற்கவில்லை. எங்கள் குடும்பத்துக்கு இப்படி. உங்கள் வீட்டில் யார் எப்போது இறந்தார், சொத்து யாருடையது என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும், அதனால் இதை வைத்து முடிவெடுக்காமல் ஒரு வக்கீலைப் பாருங்கள். போகும்போது மரண தேதிகளோடு ஒரு வம்சாவளிப் படம் எழுதிக்கொண்டு போங்கள். 1961 மரணத்துக்குச் சான்று வாங்குவது தனிப்பாடு. அப்போது பிறப்பு இறப்பை எழுதியவர் கிராம முன்சீப், அந்தப் பதவியே 1980இல் போய்விட்டது. பழைய பதிவேடு எங்கே என்று தாலுகா அலுவலகத்தில் மனுப் போட்டுக் கேட்க வேண்டும்.

வழக்கமாக இந்த இடத்தில் குடும்பங்கள் என்ன செய்யும் என்றால், வயசான அத்தையிடம் பங்கை விட்டுக்கொடுக்கும் ஒரு விடுதலைப் பத்திரத்தை நீட்டி, "சும்மா ஃபார்மாலிட்டிதான் அத்தை" என்று சொல்லி ரேகை வாங்கிவிடும். எங்கள் வீட்டிலும் அந்த யோசனை வந்தது. அது பத்திரப் பதிவில் ஃபார்மாலிட்டியாக இருக்கலாம், என் கணக்கில் திருட்டு. நான் தென்காசிக்குப் போய், உங்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு இருக்கிறது, இன்றைக்கு இடத்தின் மதிப்பு இவ்வளவு என்று அவருடைய மகன், மருமகள் எல்லாரும் இருக்கும்போதே சொன்னேன். எங்கள் பக்கத்து ஆட்களில் சிலர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. "நீ ஏம்மா இதைக் கிளறுற, பழைய வீட்டு ஃபோட்டோ எடுத்தமா போனமான்னு இருக்கணும்" என்று அண்ணன் சொன்னார்.

எனக்கு ஒரு நினைப்பு இருந்தது, ஆச்சி பெருந்தன்மையாக ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று. அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "எனக்குப் பங்கு வேணும். இடமா வேண்டாம், பணமாக் குடுங்க. செத்துப்போன அக்காவுக்கு உள்ளதை அவ பிள்ளைகளுக்குக் குடுங்க. அப்புறமா நீங்க இடிங்க, இருங்க, உங்க பாடு" என்றார். கேட்டதும் நிம்மதியாக இருந்தது. கணக்குப் போடுவது சுலபமாகிவிட்டது.

இடிக்கவில்லை. விற்கவும் இல்லை, வாங்க வந்தவர் ஐந்து கிளை வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும் என்று தெரிந்ததும் போய்விட்டார். இரண்டு மகள் கிளைகளுக்கும் பணத்தைத் தவணையாகக் கொடுத்து, முடிந்த பிறகு விடுதலைப் பத்திரம் பதிவு செய்வதாக எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். முதல் தவணை போய்விட்டது. எல்லார் பெயரிலும் கூட்டுப் பட்டாவுக்கு மனு நிலுவையில் இருக்கிறது. சரிந்த பின்கட்டுச் சுவரை மண்ணிலேயே எழுப்பியாயிற்று. சிமெண்ட் பூசலாம் என்றவர்களை விடவில்லை. மண் சுவரிலும் காரைச் சுவரிலும் சிமெண்ட் பூசினால் உள்ளே ஏறிய ஈரம் வெளியே வர வழியில்லாமல் உப்புப் பூத்து, பூச்சு சுவரோடு பெயர்ந்து விழும். நீற்றிய சுண்ணாம்பும் ஆற்று மணலும் கடுக்காய்த் தண்ணீரும்தான் அதற்குச் சரி. கொத்தனார் கிடைப்பதுதான் கஷ்டம். கோவில் திருப்பணி செய்பவர்களிடம் விசாரியுங்கள், எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தார். ஒட்டு விழுந்த இடத்தை மட்டும் பூசாமல் விட்டிருக்கிறோம். பின்கட்டுக்கு இன்னும் கொஞ்சம் நாட்டு ஓடு வேண்டும். இடிக்கிற வீடுகளில் கேட்டு வைத்திருக்கிறேன், ஐப்பசி மழைக்கு முன்னால் கிடைத்தால் நல்லது.